பெயரில்லாத கல்லும் போரில்லாத ஏடும்

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். அதை அண்ணாந்து பார்த்துப் படிப்பவர்கள் குறைவு. மூட்டை இறங்குகிற தெரு அது. நடுவில் நின்று கல்வெட்டுப் படிக்கிறவனைச் சுமைக்காரர் ஓரமாகப் போகச் சொல்வார், சொல்வதில் நியாயமும் உண்டு. கல்லில் இருப்பவை இரண்டே செய்திகள். 1914இல் தொடங்கிய பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் போனார்கள். அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள். அந்த 277 பேரில் ஒருவர் பெயர்கூடக் கல்லில் இல்லை.

சந்தவாசலில் வேலூர் பஸ் ஏறினால் ஜவ்வாது மலை கொஞ்ச தூரம் இடப்பக்கமாகக் கூடவே வந்து, கண்ணமங்கலம் தாண்டியதும் பின்தங்கிவிடும். அதற்கு வடக்கே கணியம்பாடி வட்டாரத்தில் இருக்கிறது கம்மவான்பேட்டை. வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார் என்பதால் 'ராணுவப்பேட்டை' என்றே பெயர் வாங்கிய ஊர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை மிலிட்டரி என்றால் பெண் வீட்டார் கேட்கிற கேள்விகள் பாதியாகக் குறையும். அவ்வளவு பட்டாளத்துப் பழக்கம் உள்ள மண். ஆனால் முதல் உலகப் போருக்குப் போன ஒரு மனிதரை, பெயரும் முகமும் அவர் செய்த காரியமுமாகச் சேர்த்துப் பிடிக்கலாம் என்று கிளம்பினால், கல் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது.

இதற்கு நேர் எதிரான ஆவணம் ஒன்று உண்டு: விளையாட்டின் ஸ்கோர் ஏடு. அங்கே பெயர்தான் முதல். யார் எத்தனை ரன், யார் பந்தில், யார் பிடித்து என்று நூறு வருடத்துக்கு முந்தைய சனிக்கிழமையையும் அது ஒப்பிக்கும். போரை மட்டும் சொல்லாது. இங்கிலாந்தின் கவுண்டி கிரிக்கெட் ஏட்டில் 1914க்குப் பிறகு 1919 வருகிறது. நடுவில் உள்ள நான்கு ஆண்டுகளில் அந்த ஆட்டக்காரர் எங்கே இருந்தார், என்ன ஆனார் என்பது ஏட்டின் கவலை இல்லை.

பெயர்பெற்ற நட்சத்திரம் போருக்குப் போனால் இரண்டையும் இணைத்து எழுத ஆள் கிடைக்கும். சிக்கல் இரண்டாம் அடுக்கு ஆட்டக்காரர்களுக்குத்தான். அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்துக்கு 'மைனர் லீக்' என்று ஒரு கீழடுக்கு இருக்கிறது. சிறு ஊர்களில், சொற்பச் சம்பளத்தில், மேலே இருந்து ஒரு நாள் அழைப்பு வரும் என்று ஆடிக்கொண்டிருப்பவர்களின் உலகம். கிரிக்கெட்டில் அதற்கு இணை, டெஸ்ட் ஆட்டத்தைத் தொடாமல் கவுண்டியிலோ ரஞ்சிக் கோப்பையிலோ நின்றுவிட்டவர்கள். இந்த அடுக்கில் ஆடிய, போரில் விமானமும் ஓட்டிய இந்தியர் ஒருவர் இருந்தார். ஹர்தித் சிங் மாலிக். கல்லும் ஏடும் கைவிட்ட இடைவெளியில் விழுந்தவர் என்றுதான் நான் அவரைப் பார்க்கிறேன். அவர் வாழ்க்கையின் ஒரு நுனி நம் புதுச்சேரிக் கடற்கரை வரை வருகிறது என்பது தேடப்போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மாலிக் 1894 நவம்பர் 23 அன்று ராவல்பிண்டியில் பிறந்தார். வசதியான சீக்கியக் குடும்பம். பதினான்கு வயதில் படிப்புக்காக இங்கிலாந்து போனார். சஸ்ஸெக்ஸ் கவுண்டியில் உள்ள ஈஸ்ட்போர்ன் கல்லூரிப் பள்ளியில் படித்து, 1912இல் ஆக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரியில் சேர்ந்தார். கிரிக்கெட், கோல்ஃப் இரண்டிலும் தேர்ந்த கை. 1914 கோடையில், இருபது வயது நிரம்புவதற்குள், சஸ்ஸெக்ஸ் அணிக்காக முதல்தர ஆட்டத்தில் இறங்கினார்.

சஸ்ஸெக்ஸ் என்றதும் ரஞ்சித்சிங்ஜி நினைவுக்கு வராமல் இருக்காது. அதே கவுண்டிக்கு ஆடி, இங்கிலாந்து அணிக்காக 15 டெஸ்ட் ஆடி, பிறகு நவநகர் சமஸ்தானத்தின் ஜாம் சாகேப் ஆனவர். அவரும் போர்முனைக்குப் போனார். அங்கே அவருக்குக் காயம் எதுவும் இல்லை. 1915இல் இங்கிலாந்தில் பறவை வேட்டைக்குப் போன இடத்தில் பக்கத்தில் இருந்தவரின் துப்பாக்கியிலிருந்து தெறித்த குண்டில் வலது கண் போனது. ஒற்றைக் கண்ணோடு 1920இல் மறுபடியும் சஸ்ஸெக்ஸுக்கு மூன்று ஆட்டம் ஆடினார். இது எல்லாக் கிரிக்கெட் நூலிலும் இருக்கிறது. அதே அணியில் ஆடிய, ஆகாயத்தில் குண்டடிபட்ட இன்னொரு இந்தியரைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. அந்த ஒரு கப்பல் நம் மொழியில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது; 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றும் சொல்கிறோம். அதே இலையுதிர் காலத்தில் ஆக்ஸ்போர்டு காலியாகிக்கொண்டிருந்தது. மாலிக்கோடு படித்த வெள்ளைக்காரப் பையன்கள் ஒருவர் பின் ஒருவராக அதிகாரிப் பதவி வாங்கிக்கொண்டு போனார்கள். அவரும் கேட்டார், கிடைக்கவில்லை. சிப்பாயாக லட்சக்கணக்கில் இந்தியர்கள் பிரான்ஸ் சேற்றில் நின்றுகொண்டிருந்த காலம் அது. சிப்பாயாக இருப்பதற்குத் தடை இல்லை. அதிகாரியாக, வெள்ளைக்காரனுக்கு உத்தரவிடும் இடத்தில் நிற்பதற்குத்தான் தடை. அவரைப் பதினொருவரில் ஒருவராக ஏற்றுக்கொள்ள சஸ்ஸெக்ஸ் கிளப்புக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆட்டத்தில் இந்தியன் ஒருவன் வெள்ளைக்காரக் கேப்டனுக்குக் கீழே ஆடலாம், கைதட்டலும் வாங்கலாம். அது பேரரசின் அடுக்கைக் கலைக்காது. துப்பாக்கியும் தோள்பட்டை நட்சத்திரமும் கலைக்கும்.

படிப்பை முடித்துக்கொண்டு 1916இல் பிரெஞ்சு செஞ்சிலுவைச் சங்கத்துக்கு ஆம்புலன்ஸ் ஓட்டப் போனார். ஓட்டிக்கொண்டிருந்தபோதே பிரெஞ்சு விமானப் படையில் சேர முயன்றார். பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். இதை ஆக்ஸ்போர்டில் தன் ஆசிரியராக இருந்த பிரான்சிஸ் அர்க்கார்ட்டுக்குத் தெரிவித்தார். அர்க்கார்ட் பிரிட்டிஷ் ராயல் ஃபிளையிங் கோர்ப்ஸின் தலைமையில் இருந்த ஜெனரல் டேவிட் ஹெண்டர்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். பிரிட்டிஷ் பிரஜை ஒருவனை பிரெஞ்சுப் படை ஏற்கிறது, நம் படை மறுக்கிறது, இது வெட்கக்கேடு இல்லையா என்பது கடிதத்தின் சாரம். ஹெண்டர்சன் மாலிக்கை நேரில் கூப்பிட்டுப் பார்த்தார். 1917 ஏப்ரலில் மாலிக் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்தார்.

மாதத்தைக் கவனிக்க வேண்டும். 1917 ஏப்ரலை 'ரத்த ஏப்ரல்' என்றே அந்தப் படையின் வரலாற்றில் எழுதுவார்கள். அந்த ஒரு மாதத்தில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் போயின. புதிதாக வரும் விமானியின் ஆயுளை வாரக்கணக்கில் சொன்னார்கள். கதவு திறந்ததற்கு ஹெண்டர்சனின் பெருந்தன்மை ஒரு காரணம். உட்கார ஆளில்லாத இருக்கைகளும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

சேர்ந்த இடத்தில் முதல் தகராறு தலைப்பாகைக்கு. கழற்ற முடியாது என்று மாலிக் உறுதியாக நின்றார். கடைசியில், தலைப்பாகைக்கு மேலேயே மாட்டிக்கொள்ளும்படி பெரிய விமானித் தொப்பி ஒன்றைத் தனியாகச் செய்துகொண்டார். அந்தப் பெருந்தலையோடு சிறிய விமானத்தில் அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துச் சக விமானிகள் 'பறக்கும் குட்டிச்சாத்தான்' என்கிற பொருளில் பட்டப்பெயர் வைத்தார்கள். கேலியில் கொஞ்சம் பிரியமும் இருந்தது போலத்தான் தெரிகிறது.

அவருக்குக் கிடைத்த விமானம் சோப்வித் கேமல். இதன் என்ஜின் ஒரு விசித்திரம். இன்றைய என்ஜினில் உடல் நிற்கும், உள்ளே தண்டு சுழலும். இதில் தண்டு நிற்கும். சிலிண்டர்கள் எல்லாம் விசிறியோடு சேர்ந்து சுழலும். அவ்வளவு கனம் மூக்கில் சுழல்வதால் விமானம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். வலப்பக்கம் கண்மூடித் திறப்பதற்குள் திரும்பும். சண்டையில் அதுதான் பலம், கற்றுக்கொள்பவனுக்கு அதுதான் எமன். எதிரியின் கையில் சாகாமல் பயிற்சியிலேயே கேமலில் செத்தவர்கள் ஏராளம்.

இந்த என்ஜினுக்கு ஊற்றியது விளக்கெண்ணெய். பெட்ரோலில் கரையாத எண்ணெய் வேண்டும் என்பதால் ஆமணக்குதான் தோது. உள்ளே போன எண்ணெய் சுற்றித் திரும்பி வராது. பாதி வெந்தும் வேகாமலும் புகையாகப் பின்னால் அடிக்கும், விமானியின் மூஞ்சியில். வாயைத் திறந்தால் தொண்டைக்குள் போகும். போனால் என்ன ஆகும் என்று நம் பாட்டிமார்களைக் கேட்டால் போதும், போர் வரலாறு படிக்க வேண்டாம். அந்த எண்ணெய்க்கான ஆமணக்கு பெருமளவு இந்தியாவிலிருந்துதான் கப்பலேறியது. கொல்லை ஓரத்துச் செடி பிளாண்டர்ஸ் வானத்தில் புகைந்தது என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, என்னவோ போலவும் இருக்கிறது.

மாலிக் 28ஆம் ஸ்க்வாட்ரனில் இருந்தார். அவருடைய பிரிவுக்குத் தலைவர் வில்லியம் பார்க்கர் என்ற கனடாக்காரர். அடுத்த ஆண்டு விக்டோரியா கிராஸ் வாங்கப்போகிறவர், அப்போதே துணிச்சலுக்குப் பெயர் எடுத்தவர். 1917 அக்டோபரில் ஸ்க்வாட்ரன் போர்முனைக்கு வந்தது. கீழே பாஷண்டேல் சண்டை. மழை, சேறு, தாழ்ந்த மேகம். அக்டோபர் 26 அன்று பறப்பதற்குரிய வானிலையே இல்லை. பார்க்கர் தன் ஆட்களோடு கிளம்பினார், மாலிக்கும் அவரோடு போனார். எல்லை தாண்டிய இடத்தில் ஜெர்மன் விமானங்கள் சூழ்ந்துகொண்டன. மாலிக் ஒன்றை வீழ்த்தினார். இன்னொன்று அவர் பின்னால் தொற்றிக்கொண்டது. பெட்ரோல் தொட்டியைத் துளைத்து வந்த குண்டுகள் வலது காலில் ஏறின. தொட்டி தீப்பிடிக்காதது அதிர்ஷ்டம். ரத்தம் போய்க்கொண்டிருக்க, துரத்திக்கொண்டே வந்தவர்களிடமிருந்து தரையை ஒட்டிப் பறந்து தப்பி, தம் பக்கத்துக் கோட்டுக்குள் வந்து விமானத்தோடு விழுந்தார். பிறகு எண்ணிப் பார்த்தபோது விமானத்தில் நானூறுக்கும் மேற்பட்ட ஓட்டைகள். காலில் தங்கிய உலோகத் துண்டுகளை மருத்துவர்களால் முழுக்க எடுக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, இத்தாலிக்குப் போயிருந்த தன் ஸ்க்வாட்ரனில் மறுபடி சேர்ந்தார். அங்கே அவரை வீழ்த்தியது ஜெர்மானியர்கள் அல்ல, விளக்கெண்ணெய். அதன் புகை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போய் இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, அந்த எண்ணெய் தேவைப்படாத பிரிஸ்டல் ஃபைட்டர் விமானத்துக்கு மாறினார். போர் முடியும்வரை சீருடையில் இருந்தார்.

அந்தப் போரில் விமானிகளாகப் பறந்த இந்தியர்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர்கள் நான்கு பேர். இந்திரலால் ராய் பத்து வெற்றிகள் கண்டு, 1918 ஜூலை 22 அன்று பத்தொன்பது வயதில் வானிலேயே செத்தார். ஸ்ரீகிருஷ்ண வேலிங்கர் அதற்கு முந்தைய மாதம் காயத்தால் இறந்தார். எரல் சந்தர் சென் சிறைபிடிக்கப்பட்டுப் போர் முடிந்தபின் மீண்டார். நான்காமவர் மாலிக். இவ்வளவுக்கும் பிறகும் படையின் அதிகாரிக் கதவு இந்தியர்களுக்கு மறுபடி சாத்தப்பட்டது. போர் முடிந்ததும் ஆள்பஞ்சமும் முடிந்துவிட்டதே. மாலிக் ஆக்ஸ்போர்டுக்குத் திரும்பினார், ஐ.சி.எஸ். தேர்வானார். 1921இல் சஸ்ஸெக்ஸ் ஏட்டில் அவர் பெயர் மறுபடி வருகிறது. விக்கெட்டுகளுக்கு நடுவே அவர் ஓடிய ஒவ்வொரு ரன்னிலும் காலுக்குள் ஜெர்மன் உலோகம் இருந்தது. ஏடு ரன்னை மட்டும் எழுதிக்கொண்டது.

இங்கே ஓர் ஆண்டு முக்கியம்: 1932. அந்த ஆண்டு ஜூன் 25 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆடியது. அதே ஆண்டு அக்டோபர் 8 அன்று இந்திய விமானப் படை சட்டப்படி உருவானது. நான்கு மாதங்களுக்குள் இரண்டு கதவுகள். இரண்டுக்கும் தகுதியோடு பதினைந்து ஆண்டுக்கு முன்பே வந்து நின்ற ஒருவருக்கு அப்போது வயது 37. அந்த அணியின் கேப்டன் சி.கே. நாயுடுவே 36 வயதுக்காரர்தான், ஆகவே வயது ஒரு சாக்கு என்று வாதிடலாம். ஆனால் மாலிக் அதற்குள் முழு நேர அரசு அதிகாரி. கோல்ஃப் மட்டையைத்தான் விடாமல் பிடித்திருந்தார். விமானப் படையின் முதல் ஸ்க்வாட்ரன் 1933 ஏப்ரலில் கராச்சியில் நான்கு வாபிட்டி விமானங்களோடும் விரல்விட்டு எண்ணக்கூடிய விமானிகளோடும் தொடங்கியது. கிரான்வெல்லில் பயிற்சி முடித்து வந்த சுப்ரதோ முகர்ஜி போன்ற அந்த இளைஞர்களைத்தான் நாம் முன்னோடிகள் என்கிறோம். முன்னோடிகளுக்கும் ஒரு முன்னோடி இருந்தார்.

ரஞ்சியின் பெயர் கோப்பையாக மாறி, அந்தக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று நடந்தது நம் சேப்பாக்கத்தில். சென்னைக்கும் மைசூருக்கும் ஆட்டம். முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். ஒரே நாளில் முடிந்துவிட்டது. முடித்தவர் ஏ.ஜி. ராம்சிங், 35 ரன்னுக்கு 11 விக்கெட். தலைப்பாகையோடு ஆடிய சென்னைச் சீக்கியர். அதிகாரபூர்வ டெஸ்ட் ஒன்றுகூட அவருக்கு வாய்க்கவில்லை. மகன்கள் கிருபால் சிங்குக்கும் மில்காசிங்குக்கும் வாய்த்தது. மாலிக்கின் தலைப்பாகையை பிரிட்டிஷ் படை வியந்து பார்த்த கதையைச் சேப்பாக்கத்துப் பழைய ரசிகர் யாரிடமாவது சொல்லியிருந்தால், இதில் என்ன அதிசயம், நம் ராம்சிங் இல்லையா என்று கேட்டிருப்பார்.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது விமானம் வேடிக்கைப் பொருளாக இருக்கவில்லை. சோழவரம், உளுந்தூர்பேட்டை என்று தமிழ்நாட்டிலேயே ஓடுபாதைகள் போட்டார்கள். சோழவரத்து ஓடுபாதை பின்னால் கார், மோட்டார் சைக்கிள் பந்தயத் திடலாயிற்று. விமானிகள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டார்கள். எல்லா நாட்டிலும் விளையாட்டு மைதானங்களிலிருந்து ஆள் போனது. கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்கிறவனை விமானப் படைக்குப் பிடிக்கும்.

அமெரிக்காவின் பெர்ட் ஷெப்பர்ட் அப்படிப் போனவர். மைனர் லீக்கில் பந்து வீசிக்கொண்டிருந்த இடதுகை வீச்சாளர். மேல் அடுக்கிலிருந்து அழைப்பே வந்திராதவர். இங்கிலாந்திலிருந்து பி-38 போர் விமானத்தில் பறந்தவரை 1944 மே 21 அன்று வட ஜெர்மனியில் தரையிலிருந்து சுட்டார்கள். விமானம் வயலில் விழுந்தது. ஆத்திரத்தோடு திரண்ட ஊர்க்காரர்களிடமிருந்து அவரை மீட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர், ஜெர்மன் விமானப் படையில் மருத்துவராக இருந்த லாடிஸ்லாஸ் லாய்டில் என்ற ஆஸ்திரியர். வலது காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. சிறைமுகாமில் கனடாக்காரக் கைதி ஒருவர் கிடைத்ததை வைத்து ஒரு பொய்க்கால் செய்து கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு முகாமிலேயே மறுபடி பந்து வீசிப் பழகினார் ஷெப்பர்ட்.

எந்தக் கால் போனது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இடது கையால் வீசுபவன் இடது காலை ஊன்றி உந்தி, வலது காலில் வந்து இறங்குவான். உடம்பின் மொத்த வேகமும் அந்த வலது காலில்தான் விழும். கிரிக்கெட்டில் இடதுகை வேகப்பந்து வீச்சாளருக்கும் அதே கணக்குதான். ஷெப்பர்டுக்கு உந்தும் கால் மிஞ்சியது, தாங்கும் கால் போயிற்று. மரத்திலும் உலோகத்திலும் இறங்கப் பழகினார். கைதிகள் பரிமாற்றத்தில் 1945 தொடக்கத்தில் நாடு திரும்பியவரை வாஷிங்டன் செனட்டர்ஸ் அணி எடுத்துக்கொண்டது. ஆகஸ்ட் 4 அன்று பாஸ்டனுக்கு எதிரான ஆட்டம். எதிரணி அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தது. நான்காம் இன்னிங்ஸில் மூன்று தளங்களிலும் ஆள் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் இவரை அனுப்பினார்கள். எதிரே ஜார்ஜ் மெட்கோவிச். அவரை அடிக்கவிடாமலே வெளியேற்றினார். அதன்பின் ஆட்டம் முடியும்வரை வீசி ஒரே ஒரு ரன்தான் கொடுத்தார். மேல் அடுக்கு லீக்கில் அவர் ஆடியது அந்த ஒரு நாள்தான். முழுக் காலோடு இருந்தபோது வராத அழைப்பு, கால் போனபின் வந்தது. ஒரு நாள் இருந்துவிட்டுப் போயிற்று. அதில் பாதி விளம்பரம் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம், ஆனால் மெட்கோவிச் விளம்பரத்துக்காக வெளியேறியிருக்க மாட்டார். 1993இல் ஷெப்பர்டும் லாய்டிலும் ஆஸ்திரியாவில் மறுபடி சந்தித்தார்கள்.

அதே 1945 டிசம்பரில் சேப்பாக்கத்துக்கு ஒரு விமானப் படையே கிரிக்கெட் ஆட வந்தது. ஆஸ்திரேலியப் படைவீரர் அணி. ஐரோப்பாவில் போர் ஓய்ந்ததும் இங்கிலாந்தில் 'வெற்றி டெஸ்ட்' என்ற பெயரில் ஐந்து ஆட்டங்கள் ஆடி 2-2 என்று சமன் செய்துவிட்டு, ஊர் திரும்பும் வழியில் இந்தியாவிலும் இலங்கையிலும் ஆடினார்கள். கேப்டன் லிண்ட்சே ஹாசெட் தரைப்படையின் சாதாரண ரேங்க்காரர். அவருக்குக் கீழே ஆடியவர்களில் பலர் விமானப் படை அதிகாரிகள். பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஆட்டம் சமனில் முடிந்தது. கல்கத்தாவில் இந்திய தேசிய ராணுவத்தினர் (ஐ.என்.ஏ.) மீதான விசாரணையை எதிர்த்துத் தெரு கொதித்துக்கொண்டிருந்தது. அங்கே கிழக்கு மண்டலத்தோடு நடந்த ஆட்டத்தின்போது கூட்டம் மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டது. மலேயாவிலிருந்து அந்தப் படையில் சேர்ந்தவர்களில் தமிழர்கள் எவ்வளவு பேர் என்பது நமக்குத் தெரியும். பிரிட்டிஷ் பக்கம் பறந்தவர்கள் ஆடும் மைதானத்துக்கு வெளியே, எதிர்ப்பக்கம் நின்றவர்களுக்காகக் கோஷம்.

சென்னையில் இந்தியா ஆறு விக்கெட்டில் ஜெயித்தது. விஜய் மெர்ச்சன்ட் தலைமையில் ரூசி மோடி 203, லாலா அமர்நாத் 113. எதிர்ப்பக்கம் ஹாசெட் 143. இவை ஏட்டில் உள்ளவை. ஏட்டில் இல்லாதவை இவை: கீத் மில்லர் அந்த வசந்த காலத்தில்தான் மஸ்கிட்டோ விமானத்தில் ஜெர்மனிக்கு மேலே பறந்துவிட்டு வந்திருந்தார். கீத் கார்மோடி 1944 ஜூனில் ஹாலந்துக் கடலோரம் சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைமுகாமில் இருந்தவர். சுழற்பந்து வீசும் ரெக் எல்லிஸ் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானி. விக்கெட் கீப்பர் ஸ்டான் சிஸ்மி மத்தியதரைக் கடலில் சுடப்பட்ட கடல்விமானத்தின் ஓட்டி. முதுகில் தங்கிய குண்டுச் சில்லுகள் பிற்பாடு அவ்வப்போது தோலைக் கிழித்துக்கொண்டு மேலே வரும். ஸ்டம்புக்குப் பின்னால் குத்தவைத்து உட்காரும் வேலைக்கு முதுகில் இரும்பு. மில்லர் உலகப் புகழ் பெற்றார். எல்லிஸும் சிஸ்மியும் டெஸ்ட் ஆடாமலே நின்றுவிட்டார்கள், மாலிக்கின் இனம்.

மாலிக் அந்த நேரம் பட்டியாலா சமஸ்தானத்தின் பிரதமர். 1944இலிருந்து அந்தப் பதவியில் இருந்தார். சுதந்திரத்துக்குப் பின் கனடாவுக்கு இந்தியாவின் முதல் ஹைகமிஷனராக அனுப்பினார்கள். பார்க்கரின் நாட்டுக்கு அவருடைய பழைய விமானி போனார், பார்க்கர்தான் உயிரோடு இல்லை. 1930இலேயே விமான விபத்தில் இறந்திருந்தார். 1949இல் மாலிக் பிரான்ஸுக்குத் தூதராக மாற்றப்பட்டார். 1956 வரை அங்கே இருந்தார்.

அந்த ஏழு ஆண்டுகளைப் புதுச்சேரிக்காரர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் யாருக்கு என்ற வழக்கு பாரீசுக்கும் டெல்லிக்கும் நடுவில் இழுபட்டுக்கொண்டிருந்த காலம். 1954 கோடையில் பாரீசில் பேச்சுவார்த்தை நடந்து முறிந்தது. தியன் பியன் பூவில் தோற்று இந்தோசீனாவையே விட வேண்டிய நிலைக்கு பிரான்ஸ் வந்த பிறகுதான் இந்த விஷயமும் இளகியது. அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28 அன்று டெல்லியில் ஒப்படைப்பு உடன்படிக்கை கையெழுத்தானது. கையெழுத்துப் போட்டவர் நேரு. முன்னின்று பேசியவர்கள் வேறு அதிகாரிகள். மாலிக்கின் பங்கை நான் பெரிதாக்கவில்லை. ஆனால் பாரீசில் இந்தியாவின் முகமாக உட்கார்ந்திருந்தவர், பிரிட்டிஷ் படை மறுத்தபோது எடுத்துக்கொள்கிறோம் என்று பிரெஞ்சுக்காரர்கள் சொன்ன அதே ஆள். அந்த மண்ணில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர், அதன் எல்லையில் ரத்தம் சிந்தியவர். போர் நினைவைப் பெரிதாகப் போற்றும் பிரான்ஸில் இது ஒரு தூதருக்குக் கொஞ்சம் கனமான முதலீடாகவே இருந்திருக்க வேண்டும்.

ஓய்வுக்குப் பின் டெல்லியில் வாழ்ந்தார். முதுமையிலும் கோல்ஃப் ஆடினார். தன் வரலாற்றை எழுதி வைத்தார். அது நூலாக வந்தது 2010இல், அவர் போய்க் கால் நூற்றாண்டு கழித்து. 1985 அக்டோபர் 31 அன்று, 91 வயது நிரம்ப மூன்று வாரம் இருக்கையில் இறந்தார். அவர் வலது காலில் இருந்த உலோகத் துண்டுகளுக்கு அன்றைக்கு 68 வயதும் ஐந்து நாளும்.